சாம் லாங்ஃபோர்டை இன்று எந்தத் தராசில் நிறுத்துவது

நேயர்களுக்கு வணக்கம். பாக்சிங் பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வாக்குவாதம் கட்டாயம் வரும். அந்தக் காலத்துக் குத்துச்சண்டை வீரர்கள் இன்றைக்கு இருந்தால் தாக்குப்பிடிப்பார்களா? இளைஞர்கள் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டுவார்கள். அதில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், கையை வீசுவார்கள். அது படச்சுருள் ஓடுகிற வேகம், ஆளுடைய வேகம் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே ஒரு பெயர்தான் நாக்கில் நிற்கும். சாம் லாங்ஃபோர்டு. கனடாவில் நோவா ஸ்கோஷியா பக்கம் வேமத் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்து, சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, பாஸ்டனுக்கு வந்து சேர்ந்த கறுப்பினப் பையன். அங்கே ஜோ வுட்மன் என்ற மருந்துக்கடைக்காரர் ஒரு பாக்சிங் கிளப் நடத்தினார். அந்தக் கிளப்பைக் கூட்டிப் பெருக்கும் வேலைதான் இவருக்கு முதலில் கிடைத்தது. உயரம் சுமார் ஐந்தடி ஏழங்குலம். நம் தெருவில் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். தோள் மட்டும் அகலம், கை நீளம்.

1903இல் ஜோ கான்ஸ் லைட்வெயிட் என்ற எடைப்பிரிவின் உலக சாம்பியன். அந்த கான்ஸை, சண்டைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத லாங்ஃபோர்டு 15 ரவுண்டில் புள்ளிக்கணக்கில் வென்றார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. அந்தப் பிரிவின் எடையைவிட இவர் கூடுதலாக இருந்தார். மூன்றே வருடத்தில், 1906இல், ஜாக் ஜான்சன் எதிரில் நிற்கிறார். பின்னாளில், எல்லாவற்றிலும் கனமான பிரிவான ஹெவிவெயிட்டில், உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரரான அதே ஜான்சன். லாங்ஃபோர்டைவிட 13 கிலோ போல எடை அதிகம். லாங்ஃபோர்டு தோற்றார், தெளிவாகவே தோற்றார். ஆனால் 15 ரவுண்டும் முடியும்வரை நின்றார். 13 கிலோ என்றால் என்ன என்று யோசியுங்கள். அரை மூட்டை அரிசி. அரை மூட்டை அரிசி கூடுதலாக இருக்கிற ஆள் உங்களைக் குத்துகிறான்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது நான் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். இளவயதில் ஒரு போட்டிக்குப் போனேன். காலையில் எடை பார்த்து, அன்றைக்கே மாலையில் சண்டை. தராசில் ஏறினால் முந்நூறு கிராம் கூடுதல். மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்கிப்பிங் கயிறை மட்டும் கையில் கொடுத்தார். ரெண்டு சட்டைக்கு மேலே மழைக்கோட்டு. புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலை ஒரு டப்பாவில் துப்பிக்கொண்டே குதித்தேன். எடை இறங்கிவிட்டது. மாலையில் இரண்டாவது ரவுண்டில் காலும் இறங்கிவிட்டது. ஒரு பகல்பொழுதில் உடம்பு நீரைத் திரும்பப் பிடிக்கவில்லை. தலை பாரமாக இருந்தது, அடி வருவது தெரிகிறது, கை எழவில்லை.

இன்றைய தொழில்முறை பாக்சிங்கில் முதல்நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். ஓர் இரவும் ஒரு பகலும் கிடைக்கிறது. தண்ணீர், சோறு, உப்பு, தூக்கம். மிடில்வெயிட் என்று 72.6 கிலோவில் தராசில் ஏறியவர், மறுநாள் ரிங்கில் ஏறும்போது பல கிலோ கூடியிருப்பார். அந்தக் காலத்தில் பெரும்பாலும் சண்டை நாளன்றே எடை பார்ப்பு. அதனால் ஏட்டில் இருக்கிற எடையை அப்படியே இன்றைய எடையோடு ஒப்பிடக்கூடாது. தராசு அதேதான், பார்க்கிற நேரம் வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் எல்லா வாக்குவாதமும் இங்கேதான் தடுக்கி விழுகிறது.

சரி, லாங்ஃபோர்டை இன்று எங்கே நிறுத்துவது? என் கணக்கு இது. 76.2 கிலோ எல்லையுள்ள சூப்பர் மிடில்வெயிட். அந்தப் பிரிவே அன்றைக்குக் கிடையாது. அன்றைக்கு மொத்தம் எட்டுப் பிரிவு, பிரிவுக்கு ஒரு சாம்பியன். இன்றைக்குப் பதினேழு பிரிவுக்கு மேல், முக்கியமான அமைப்புகள் நாலு, ஆளாளுக்கு ஒரு பெல்ட். அதைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கும் வருத்தம்தான். ஆனால் லாங்ஃபோர்டுக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரு கதவுகூடத் திறக்கவில்லையே. ஜான்சன் சாம்பியனான பிறகு இவருக்கு வாய்ப்பே தரவில்லை. வெள்ளைச் சாம்பியன்கள் நிறத்தைக் காட்டி ஒதுக்கினார்கள். அதனால் ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரோடு ஒருவரே மோதினார்கள். ஹாரி வில்ஸோடு மட்டும் 15 தடவைக்கு மேல். இன்றைக்கு, எவ்வளவுதான் இழுத்தடித்தாலும், அமைப்பு நிறுத்துகிற கட்டாயப் போட்டியாளரைச் சந்திக்காத சாம்பியனிடமிருந்து பெல்ட் போய்விடும்.

இரண்டு மீட்டர் உயரமுள்ள இன்றைய ஹெவிவெயிட்களோடு லாங்ஃபோர்டு மோதினால்? வேண்டாம். எட்டமாட்டார். அபிமானத்தில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர் அளவு ஆட்களோடு, இன்றைய 12 ரவுண்டில்? 20 ரவுண்டு சண்டைகளில் பழகிய மனிதர் அவர்.

நான் எங்கே பேசினாலும் சொல்கிற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1917இல் ஃப்ரெட் ஃபுல்டனோடு நடந்த சண்டையில் லாங்ஃபோர்டுக்கு ஒரு கண் போயிற்று. மற்றக் கண்ணும் மங்க ஆரம்பித்தது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் சாப்பாடு? 1922, அட்லாண்டா. எதிரில் டைகர் ஃப்ளவர்ஸ், வேகமான இடதுகை இளைஞர். லாங்ஃபோர்டுக்கு எதிராளி ஒரு நிழல்மாதிரிதான் தெரிந்திருப்பார். இரண்டாவது ரவுண்டில் ஃப்ளவர்ஸ் தரையில். நாலு வருடம் கழித்து, 1926இல், ஹாரி கிரெப்பை வென்று மிடில்வெயிட் உலகப் பட்டத்தை எடுத்த முதல் கறுப்பின வீரர் அதே ஃப்ளவர்ஸ்தான். நாற்பதை நெருங்கிய, பார்வை போய்க்கொண்டிருந்த மனிதரிடம் விழுந்தவர் உலக சாம்பியன் ஆகிறார் என்றால், கண்ணும் காலும் நன்றாக இருந்தபோது அந்த மனிதர் எப்படி இருந்திருப்பார்? இன்று கண்ணில் அப்படிப் பழுது இருந்தால் மருத்துவர் ரிங்கிலேயே ஏறவிடமாட்டார். அது நல்லது. 1944இல் ஆல் லேனி என்ற பத்திரிகையாளர் தேடிப்போனபோது, லாங்ஃபோர்டு நியூயார்க் ஹார்லமில் ஓர் அறையில், முழுக்கப் பார்வை இழந்து, கையில் சில்லறைக் காசோடு இருந்தார். செய்தியைப் படித்தவர்கள் அவருக்காக நிதி திரட்டினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சார்லி பர்லியைப் பற்றிப் பாதி நேரம் பேச வேண்டும் என்று குறிப்பு எழுதி வந்தேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்காரர், லாங்ஃபோர்டைப் போலவே ஒதுக்கப்பட்ட இன்னொரு குத்துச்சண்டை வீரர். வெல்டர்வெயிட்டுக்கும் மிடில்வெயிட்டுக்கும் நடுவில் நிற்கிற உடம்பு. இன்று அதற்கென்றே 69.9 கிலோ எல்லையில் ஒரு பிரிவு இருக்கிறது, அன்று இல்லை. 1944இல் ஆர்ச்சி மூரைப் பலமுறை தரையில் விழவைத்து வென்றார். மூர் பின்னாளில், 1952இல், லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன். பர்லிக்கு உலகப் பட்டப்போட்டி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கையுறையைக் கழற்றிய பிறகு பிட்ஸ்பர்க் நகரத்தில் குப்பை அள்ளும் வேலைக்குப் போனார். வணக்கம்.