தொட்டியும் அதன் மூடியும்

(மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள கோலா கெட்டில் ஊரின் ஆலய மண்டபத்தில், ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டியுள்ள சிறுவர் இல்லத்திற்குத் தண்ணீர்த் தொட்டி அமைப்பது குறித்து நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவைத்தலைவர் அவர்களே, ஆலய நிர்வாகத்தினரே, தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களே, அந்த இல்லத்தைத் தம் சொந்த வீடாக எண்ணி நடத்திவரும் அம்மா அவர்களே, தாய்மார்களே, ஐயாமார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கோலா என்ற மலாய்ச் சொல்லுக்கு ஆறு வந்து கலக்குமிடம் என்று பொருள். கெட்டில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடத்தில் எழுந்த ஊர் இது. இங்கிருந்து கீழே இறங்கிச் செல்லும் அதே மூடா ஆற்றிலிருந்துதான் பினாங்கு மாநிலம் தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஒரு மாநிலத்தின் தாகத்தைத் தீர்க்கும் ஆற்றங்கரையில் வாழ்ந்துகொண்டு, நம் ஊர்ப் பிள்ளைகள் ஏறக்குறைய 40 பேர் காலையில் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதை நான் இரண்டு முறை நேரில் கண்டேன். அந்தக் காட்சிதான் என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது.

காரணம் எளிது. நாட்டின் வடபகுதியில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைந்து, ஆறு மெலிந்துவிடுகிறது. மழை மிகுந்தாலோ வேறு துன்பம். 2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நம்முடைய பாலிங் மாவட்டத்திலேயே மலையிலிருந்து மரத்தையும் மண்ணையும் வாரிக்கொண்டு வந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றுநீர் சேறாகிவிட்டால் சுத்திகரிப்பு நிலையம் அதை எடுக்க இயலாது. ஆகவே வறட்சியிலும் குழாய் காய்கிறது, வெள்ளத்திலும் குழாய் காய்கிறது. இல்லமோ நீர்க்குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. நடுவில் உள்ள தாமான்கள் என்னும் குடியிருப்புப் பகுதிகள் எல்லாம் திறந்து பிடித்தது போக, அழுத்தம் குறைந்த நீர் நள்ளிரவுக்குப் பிறகுதான் அங்கே போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில் வரும் நீரைப் பிடித்து வைக்க ஒழுங்கான தொட்டி இல்லை. மூடியில்லாத நீல நிற டிரம்கள்தான் இருக்கின்றன.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பொதுக்குழாயில் தண்ணீர் நின்றுபோனால், மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் எங்கள் தாய்மார்கள் கணக்கரான கிராணியிடம் கேட்பார்கள், கிராணி தோட்ட நிர்வாகியான துரையிடம் சொல்லுவார். தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரத்திற்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், போதுமான குழாய்நீரைக் கட்டணமின்றித் தருவதை முதலாளியின் கடமையாகவே வைத்திருக்கிறது. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார், கேட்பதற்கு ஒரு சட்டமும் இருந்தது. சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு அத்தகைய துரை எவரும் இல்லை. 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்கீழ் இல்லம் பதிவு செய்யப்பட வேண்டும், கண்காணிக்கப்பட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் குழாயும் தொட்டியும் நன்கொடையாளர்களின் மனத்தை நம்பித்தான் நிற்கின்றன.

இங்கே வந்திருக்கும் பலர் தொட்டி வாங்கித் தர முன்வந்திருப்பதை அறிந்து மகிழ்கிறேன். அந்த மகிழ்ச்சியோடு, என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு தோட்டத்தில், தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகைக்கு நல்ல மனம் படைத்த ஒருவர் புதிய தொட்டி வாங்கிக் கொடுத்தார். மாலை போட்டோம், படம் எடுத்தோம், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். அடுத்த ஆண்டு மாலைநேரக் காற்றுமழையில் தொட்டியின் மூடி பறந்துபோனது. ஏணி இல்லாததால் மேலே ஏறி யாரும் பார்க்கவில்லை. சில மாதங்களில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன், நின்றது. மீண்டும் வந்தது, மீண்டும் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது, கொட்டகையில் வேலை செய்த ஆயா ஒருவர், “தண்ணியில என்னமோ வாடை அடிக்குதுங்க ஐயா” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றுதான் ஏணி ஒன்றை இரவல் வாங்கி ஏறிப் பார்த்தேன். அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சேறு, பறவை எச்சம், அழுகிய எலி ஒன்று. மூன்று முறை மருந்து கொடுத்த இந்தக் கை, முதல் முறையே அந்த ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

“கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்” என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அடுப்பில் வைத்த நீர் நன்றாகத் தளதளவென்று கொதித்தால் கிருமிகள் சாகும், அதில் ஐயமில்லை. ஆனால் விளையாடிவிட்டு ஓடிவரும் 8 வயதுப் பிள்ளை கொதித்து ஆறிய நீரைத் தேடிப் போவதில்லை, குளியலறைக் குழாயில் வாயை வைக்கிறது. பல் துலக்குவதும், தட்டு கழுவுவதும், கொய்யாப்பழத்தைக் கழுவுவதும் அதே குழாயில்தான். குடிநீர் 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்த அளவுகோல் சமையலறைக் கெட்டிலுக்கு மட்டுமன்று, பிள்ளையின் வாய் போகும் எல்லாக் குழாய்களுக்கும் பொருந்த வேண்டும்.

செம்பனைக்கு நடுவில் இருக்கும் இல்லம் என்பதால் இன்னொன்றையும் கருத வேண்டும். செம்பனைப் பழத்தைத் தின்ன எலிகள் பெருகும். அதனால்தான் பல தோட்டங்களில் கூண்டு கட்டி, எலி தின்னும் கூகைகளை வளர்க்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வருவது எலிக்காய்ச்சல். கொசுவோ எலியைவிடச் சிறிய இடுக்கில் நுழையும். ஏடிஸ் கொசு, சாக்கடையை விட்டுவிட்டு, நாம் அருமையாகச் சேமித்து வைத்த தெளிந்த நீரைத் தேடி வந்து முட்டையிடுகிறது. அந்த முட்டை பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். மூடியில்லாத டிரம், டெங்கிக் காய்ச்சலை வீட்டுக்குள் வளர்ப்பதற்குச் சமம்.

எவ்வளவு நீர் வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். பேரிடர் முகாம்களுக்கென்று பன்னாட்டு அமைப்புகள் வகுத்த குறைந்தபட்ச அளவு 15 லிட்டர். குழாய் நின்ற நாள்களுக்கு இரண்டுக்கும் இடையே, பிள்ளை ஒன்றுக்கு 50 லிட்டர் என்று கொண்டால், 40 பேருக்கு நாளொன்றுக்கு 2,000 லிட்டர், மூன்று நாள் தாங்க 6,000 லிட்டர். கடையில் கேலன் கணக்கில் சொல்வார்கள். 600 கேலன் தொட்டி ஏறக்குறைய 2,700 லிட்டர் கொள்ளும். அப்படி இரண்டு தொட்டிகளும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாக 200 கேலன் தொட்டி ஒன்றும் போதும் என்பது என் கருத்து. ஒரே பெரிய தொட்டியாக வாங்கிவிடலாமே என்று ஆலய நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். அதை நான் ஏற்கவில்லை. இரண்டு இருந்தால் ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று நீர் தரும். குடிநீர்த் தொட்டி சிறிதாக இருக்க வேண்டியதற்கு வேறு காரணம் உண்டு. குழாய்நீரில் கிருமியைத் தடுப்பதற்காக இருக்கும் குளோரின், நம் ஊர் வெயிலில் நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். குழாயில் பிடிக்கும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். ஆளுக்கு 7, 8 லிட்டர் வீதம் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தால், 200 கேலன் நீர் மூன்று நாளில் தீர்ந்து புதுநீர் நிரம்பும். பெருந்தொட்டியில் வாரக்கணக்கில் தங்கும் நீருக்கு அந்தக் காவல் இருக்காது.

தொட்டி வெளிச்சம் புகாத கருநிறமாக இருக்கட்டும், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மூடி இறுக்கிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். காற்றுத் துளையிலும் நிரம்பி வழியும் குழாயின் வாயிலும் நுண்வலை கட்ட வேண்டும். நீர் எடுக்கும் குழாய் அடியிலிருந்து சற்று மேலேயும், சேற்றை வெளியேற்றும் வால்வு அடியிலேயும் அமைய வேண்டும். நிறைந்த 600 கேலன் தொட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மைவி கார்களின் எடை என்பதை நினைவில் கொண்டு, பழைய மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கீழே விளையாடப்போவது பிள்ளைகள்.

மழைநீரைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1998ஆம் ஆண்டுத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, 1999இல் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. நல்ல வழிதான். 200 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 1,600 லிட்டர் கிடைக்கும். கூரையைக் கழுவிவரும் முதல் 200 லிட்டரைத் தனிக்குழாயில் கழித்துவிட வேண்டும். அப்படியும் அதைக் குடிக்கக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுவிட்டாலும், வேறு களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் தோட்டத்தில் தெளிக்கப்படுகின்றன. காற்று அவற்றைக் கூரைவரை கொண்டுவரும், கொதிக்க வைத்தாலும் அவை போகா. கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் தோட்டத்துச் செடிகளுக்கும் மழைநீரை வைத்துக்கொள்ளலாம். அதற்கான குழாய் வேறு நிறத்தில் இருக்கட்டும், படிக்கத் தெரியாத பிள்ளையும் நிறத்தை அறியும்.

ஆறு மாதத்திற்கு ஒரு முறை தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டு பிளீச்சை 1,000 லிட்டர் நீருக்கு 1 லிட்டர் வீதம் கலந்து ஓர் இரவு நிறுத்தி, மறுநாள் அந்த நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, நல்ல நீரால் அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். கழிப்பறை கழுவும் அமில மருந்தோடு பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சுக்காற்று கிளம்பும். பிள்ளைகளைத் தொட்டிக்குள் இறக்கிக் கழுவச் சொல்லவும் கூடாது. பெரியவர்கள் இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. கழுவிய பின் நீரைப் பரிசோதிப்பது குறித்து மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கு நானே கடிதம் எழுதுகிறேன்.

தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப்பந்தல் போடும் ஊர் நம் ஊர். நடந்து வரும் அடியாருக்கு மோரும் பானகமும் கொடுக்க, கேட்காமலே கொண்டுவந்து கொட்டுகிறோம். அந்தத் தைப்பூசம் வரும் நாள்களில்தான் ஆறு வற்றத் தொடங்குகிறது, இல்லத்துக் குழாயும் நின்றுபோகிறது. பந்தலுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இல்லத்துத் தொட்டிக்கென்று எழுதி வைக்குமாறு நிர்வாகத்தினரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டி வாங்க ஒரே நாளில் பணம் சேர்ந்துவிடும், நம் மக்களை நான் அறிவேன். மூன்றாம் ஆண்டில் உடைந்த மிதவை வால்வை மாற்றவும், கிழிந்த வலையைக் கட்டவும், பிளீச் வாங்கவும் வேண்டிய சிறு தொகைக்குத்தான் ஆள் இருக்காது. தொட்டியில் பெயர் எழுத விரும்புவோர் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பெயருக்குக் கீழே, கடைசியாகக் கழுவிய நாளும் எழுதப்பட வேண்டும்.

இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஏணி ஏறக்கூடிய உடல்நலமும், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரமும் அவர்களிடம் இருந்தால் போதும். மூடியின் சாவிகள் அவர்கள் கையில் இருக்கும். ஏறக் கற்றுக்கொடுக்கவும் எதைப் பார்ப்பது என்று காட்டவும் முதல் ஆறு மாதம் நான் கூடவே வருகிறேன். கூட்டம் கலைவதற்கு முன் அந்த இருவரும் முன்வரிசைக்கு வந்து என்னிடம் பெயரைக் கொடுக்க வேண்டும். தாளும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.