ஜீன்ஸ் வாங்கும்போது, டெய்லரால் சரிசெய்ய முடியாததை முதலில் பாருங்கள்

[திரையில்: மேசைமீது இரண்டு நீல ஜீன்ஸ், இரண்டின் லேபிளிலும் 32]

வணக்கம். இந்த இரண்டு ஜீன்ஸிலும் இடுப்பு அளவு 32 என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று படியும்படி மேசையில் விரித்து, இஞ்ச் டேப்பை மேல் விளிம்பில் பிடித்துப் பார்க்கிறேன். முதல் ஜீன்ஸ் பதினாறு அங்குலம் காட்டுகிறது, இரட்டித்தால் 32. இரண்டாவது பதினேழரை அங்குலம் காட்டுகிறது, இரட்டித்தால் 35. ஒரே எண், மூன்று அங்குல வித்தியாசம்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வாங்குபவர் மனம் மகிழ வேண்டும் என்பதற்காகவே உண்மையான அளவைவிடச் சிறிய எண்ணை லேபிளில் போடும் வழக்கம் ஆயத்த ஆடைத் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறது. தவிர, இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கி நிற்கும் லோ வெயிஸ்ட் ஜீன்ஸ் உடம்பின் அகலமான இடத்தைச் சுற்றி வருவதால், அதன் பட்டி இயல்பாகவே நீளமாக இருக்கும். ஆகவே லேபிளில் உள்ள எண் எந்த அலமாரியில் தேடத் தொடங்கலாம் என்று மட்டுமே சொல்லும். ஜீன்ஸ் உங்களுக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது.

பொருத்தம் என்று வரும்போது பெரும்பாலானவர்கள் இடுப்பையும் கால் நீளத்தையும்தான் பார்க்கிறார்கள். இவை இரண்டும் ஆல்ட்ரேஷன் கடையில் எளிதாகச் சரியாகிவிடக் கூடியவை. நீளத்தைக் குறைப்பது சிறிய வேலை. பழைய ஓரத்தையே வெட்டி எடுத்து மறுபடி இணைத்துத் தரும் டெய்லர்களும் இருக்கிறார்கள். இடுப்பை ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை பின்புறத்தில் பிடித்துவிடலாம். அதற்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்து அமைப்பே கெட்டுவிடும். முட்டிக்குக் கீழே கால் அகலத்தைக் குறைப்பதும் முடியும். ஆனால் கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை உள்ள உயரத்தை, அதாவது ரைஸ் அளவை, எந்த டெய்லராலும் கூட்ட முடியாது. தொடையில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்தவும் முடியாது. டெய்லர் தைத்துக் கொடுக்கும் பேண்டில், பின்னாளில் பிரித்து விடுவதற்கென்று உள்ளே கொஞ்சம் துணி விட்டிருப்பார்கள். ஜீன்ஸின் தையலில் துணியின் இரு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டைத் தையலாக அடைக்கப்பட்டிருப்பதால், பிரித்தாலும் கூடுதல் துணி கிடைக்காது. எனவே ரைஸும் தொடையும் சரியாக அமைந்த ஜீன்ஸைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை டெய்லரிடம் விட்டுவிடுவதே சரியான வரிசை என்று உறுதியாகச் சொல்வேன்.

[திரையில்: பழைய பேண்ட் ஒன்றை அளக்கும் கைகள்]

இதற்கு உங்கள் உடம்பை அளப்பதைவிட, உங்களுக்கு ஏற்கெனவே மிக வசதியாக இருக்கும் ஒரு பேண்டை அளப்பது நல்லது. அதைத் தரையில் விரித்து, நான்கு தையல்கள் சந்திக்கும் கவட்டுப் புள்ளியிலிருந்து முன்பக்கமாகப் பட்டியின் மேல் விளிம்பு வரை ஓர் அளவும், பின்பக்கமாக இன்னோர் அளவும் எடுங்கள். பிறகு கவட்டுக்கு ஓர் அங்குலம் கீழே தொடையின் அகலம், கவட்டிலிருந்து கீழ் ஓரம் வரை உள்கால் நீளம், கால் முடியும் இடத்தின் அகலம் ஆகியவற்றைக் குறித்து, கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கான மிட் ரைஸ், அதாவது நடுத்தர ரைஸ் அளவுள்ள, ஜீன்ஸில் முன்பக்க உயரம் பெரும்பாலும் பத்து, பதினோரு அங்குலத்தை ஒட்டி இருக்கும். பின்பக்கம் அதைவிடச் சில அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குனியும்போது பின்னால் இறங்கிவிடும். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்தக் குறிப்பு மிகவும் அவசியம், ஏனெனில் ஆடையின் அளவுகளைத் தனித்தனியாகக் கொடுக்கும் பக்கங்களில் நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது போதாது. உட்காருங்கள், குந்துங்கள், ஒரு காலைத் தூக்கி நாற்காலி மீது வையுங்கள், கைப்பேசியை முன் பாக்கெட்டில் போட்டு மறுபடி உட்காருங்கள். கவட்டிலிருந்து இரு தொடைகளையும் நோக்கி விசிறிபோல் இழுவைக் கோடுகள் பரவினால் அங்கே துணி போதவில்லை என்று பொருள். பின்புறத்துக்குக் கீழே துணி தொங்கி மடிந்தால் பின்பக்கத்தில் துணி அதிகம். இடுப்புக்கும் பின்புறத்துக்கும் வித்தியாசம் அதிகமுள்ள பெண்களுக்கு, தொடையில் கச்சிதமாக இருக்கும் ஜீன்ஸ் முதுகுப் பக்கம் இடைவெளி விட்டு நிற்பது வழக்கம். அதற்காக ஓர் அளவு சிறியதற்குப் போக வேண்டாம், அந்த இடைவெளி டெய்லர் பிடித்துத் தரக்கூடியது.

[திரையில்: துணியின் நெருங்கிய காட்சி]

இனி துணி. ஜீன்ஸ் துணியான டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலச்சாயம் ஏற்றப்பட்டதாகவும், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளையாகவும் இருக்கும். அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் வெளுப்பாகவும் தெரிகிறது. இதன் கனத்தைச் சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். பன்னிரண்டு முதல் பதினான்கு அவுன்ஸ் வரையிலான துணி நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான், ஆனால் சென்னை அல்லது மதுரையின் சித்திரை வெயிலில் அதை அணிந்து பேருந்தில் போவது துன்பம். மழைக்காலத்தில் அது காய்வதற்கும் நேரமாகும். நம் ஊர்களில் அன்றாடம் அணிவதற்கு ஒன்பது முதல் பதினொன்று அவுன்ஸ் துணியே பொருத்தம் என்பது என் கருத்து.

லேபிளில் பருத்தி 98 சதவீதம், எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் 2 சதவீதம் என்று இருந்தால் அது ஓரளவு நீளும் துணி. முட்டிப் பகுதியை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து விட்டுப் பாருங்கள். உடனே பழைய நிலைக்கு வராமல் தொய்ந்து நின்றால், சில மாதங்களில் முட்டி பை போலத் தொங்கிவிடும். எலாஸ்டேன் நூலைச் சூடும் குளோரின் பிளீச்சும் கெடுத்துவிடும் என்பதால், இவ்வகை ஜீன்ஸை உட்புறம் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

தையலின் தரத்தை அறிய ஜீன்ஸை உட்புறமாகத் திருப்ப வேண்டும். ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியும் 1873ஆம் ஆண்டு மே 20 அன்று அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை, பேண்ட் பாக்கெட்டின் மூலைகளில் செம்புக் குமிழ் (ரிவெட்) அடிப்பதற்கானது. பாரம் விழும் மூலையில்தான் துணி முதலில் கிழியும் என்பதை டேவிஸ் அறிந்திருந்தார். இன்றும் அந்த மூலைகளைத்தான் சோதிக்க வேண்டும். குமிழின் பின்பாகம் உள்ளே தெரிந்தால் அது துணியைத் துளைத்து நிற்கிறது. தெரியாவிட்டால் அலங்காரத்துக்காக ஒட்டியதாக இருக்கலாம். பெல்ட் மாட்டும் பட்டைகளின் இரு முனைகளிலும் ஜிப்பின் அடியிலும் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா, பாக்கெட்டின் உள்துணி கனமானதா, ஜிப் சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் போதும்.

விலையைப் பொறுத்தவரை, ஒரு ஜீன்ஸுக்குத் தேவைப்படும் துணி ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் நாம் கொடுக்கும் பணத்தில் தையல், சலவை, போக்குவரத்து, கடை வாடகை, விளம்பரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வெளுக்க வைத்த, கிழித்து விட்ட ஜீன்ஸுக்குக் கூடுதல் விலை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. துணியின் ஆயுளை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கு நாம் பணம் தருகிறோம். அந்த வெளுப்புக்காக மணலைப் பீய்ச்சி அடித்த தொழிலாளர்களின் நுரையீரல் சிலிக்கா தூசியால் பாழானதால், துருக்கி 2009ஆம் ஆண்டு அந்த முறையைத் தடை செய்தது.

இந்தியாவில் வாங்குபவர்கள் வரியையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம். வரிக்கு முன் 2,500 ரூபாய் விலையுள்ள ஜீன்ஸுக்கு நீங்கள் 2,625 ரூபாய் கொடுப்பீர்கள். 2,600 ரூபாய் விலையுள்ளதற்கு 3,068 ரூபாய் கொடுப்பீர்கள். நூறு ரூபாய் கூடுதல் மதிப்புக்கு 443 ரூபாய் கூடுதல் செலவு. தள்ளுபடி போக வரும் விலைக்கே வரி கணக்கிடப்படுவதால், இந்த எல்லையை ஒட்டிய ஜீன்ஸைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்குவது நல்லது. ஆல்ட்ரேஷன் கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாங்கிய பிறகு, மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் விலை அட்டையைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே அரை நாள் அணிந்து பாருங்கள். வைத்துக்கொள்வது என்று முடிவானதும் ஒருமுறை துவைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகே, வழக்கமாக அணியும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நின்று, நீளத்தைக் குறித்து டெய்லரிடம் கொடுங்கள்.