ரிவர்ஸ் போட்டும் ஜெட் ஏன் முன்னால் பாய்ந்தது?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்கிறார்: "தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும் பிசினஸ் ஜெட்டில் ஒரு சின்ன பாகம் கெட்டுப்போனால், பிரேக் பிடித்து நிறுத்த வேண்டியதுதானே? இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்ட் வேறு இருக்கிறது. அப்படியும் ரன்வேயைத் தாண்டி ஓடினால் அது விமானியின் தப்புதானே?"

லியர்ஜெட் 60 என்ற பிசினஸ் ஜெட் ரகத்தில் நடந்த இரண்டு விபத்துகளைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

முதலாவது, 2001 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ட்ராய் விமான நிலையத்தில் நடந்தது. சக்கரம் தரையைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே விமானம் இரண்டு மான்கள் மீது மோதியது. மோதிய வேகத்தில் லேண்டிங் கியர், அதாவது சக்கரத் தொகுதி, பக்கத்தில் இருந்த சென்சார் சேதமாகிவிட்டது. விமானி ரிவர்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆனால் ரிவர்சர் கதவுகள் தானாக மூடிக்கொள்கின்றன, இன்ஜின் விமானத்தை முன்பக்கமாகத் தள்ளுகிறது. ரன்வே முனையைத் தாண்டிப் போய்த் தீப்பிடித்தது. இரண்டு விமானிகளும் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

ஏன் அப்படி ஆனது? லேண்டிங் கியரில் ஸ்குவாட் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கும். விமானத்தின் எடை சக்கரத்தின் மேல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, தரையில் இருக்கிறோமா, வானத்தில் இருக்கிறோமா என்பதை மற்ற சிஸ்டங்களுக்குச் சொல்வது அதன் வேலை. ரிவர்சர் என்பது இன்ஜினின் பின்னால் விரியும் கதவுகள். வெளியேறும் காற்றை மறித்து முன்பக்கமாகத் திருப்பிவிடும். வானத்தில் அது விரிந்தால் பேராபத்து. 1991-இல் தாய்லாந்தில் லௌடா ஏர் போயிங் 767 விமானத்தில் பறக்கும்போதே ஒரு ரிவர்சர் விரிந்து, 223 பேரும் இறந்தார்கள். அதனால் வானத்தில் இருக்கிறோம் என்று சிக்னல் வந்தால் ரிவர்சர் மூடிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு மிகச் சரியானது.

ஆனால் அந்த ஸ்விட்சும் வயரும் உடைந்தால்? தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வானத்தில் இருப்பதாக விமானம் நினைத்துக்கொள்ளும். கதவு மூடிவிடும். விமானியின் கையோ ரிவர்ஸ் லீவரை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கும், அதிகமாக இழுத்தால் சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையில். கதவு மூடிய பிறகு அந்தப் பவர் எல்லாம் முன்பக்கத் தள்ளலாக மாறிவிடுகிறது. நிறுத்த வேண்டும் என்று அவர் எவ்வளவு பாடுபடுகிறாரோ, அவ்வளவு வேகமாக விமானம் ஓடும். அந்த சில நொடிகளில் இதைக் கண்டுபிடித்து லீவரை இறக்கிவிட வேண்டும் என்று ஒரு மனிதரிடம் எதிர்பார்ப்பது என்னைப் பொறுத்தவரை அநியாயம்.

இரண்டாவது விபத்து டேக்-ஆஃபில் நடந்தது, ஆனால் கதை அதேதான். 2008 செப்டம்பர் 19, நள்ளிரவுக்குச் சற்று முன், தென் கரோலினாவின் கொலம்பியா. வி1, அதாவது டேக்-ஆஃபைக் கைவிடலாமா என்று முடிவெடுக்க வேண்டிய கடைசி வேகம், அதைத் தாண்டிய மறுகணமே டயர்கள் வெடித்தன. துணை விமானி மேலே போகலாம் என்றார். கேப்டன் நிறுத்த முடிவு செய்தார். சிதறிய டயர்த் துண்டுகள் சக்கரக் குழிக்குள் இருந்த ஹைட்ராலிக் குழாய்களையும் சென்சார்களையும் அடித்து நொறுக்கின. பிரேக் பலவீனமானது, ரிவர்சர் மூடியது, இன்ஜின் முன்னால் தள்ளியது. வேலியைப் பிய்த்துக்கொண்டு, சாலையைத் தாண்டி, எதிரே இருந்த மண்மேட்டில் மோதி எரிந்தது. இரண்டு விமானிகளும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். பிளிங்க்-182 குழுவின் டிரம்மர் டிராவிஸ் பார்க்கர் உட்பட இருவர் பலத்த தீக்காயங்களோடு தப்பினார்கள்.

விமானியின் தப்பு இல்லவே இல்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. வி1-க்குப் பிறகு நிறுத்த முயன்றதை அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி முக்கியக் காரணங்களில் ஒன்றாகவே எழுதியது. ஆனால் அதே அறிக்கையில், ரிவர்சர் வடிவமைப்பும் அதற்கு அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ கொடுத்த சான்றிதழும் குறையுள்ளவை என்றும் இருக்கிறது. 2001 விபத்துக்குப் பிறகு நடந்த பாதுகாப்பு ஆய்வு போதவில்லை என்றும் எழுதினார்கள். ட்ராயில் தெரிந்துவிட்ட ஆபத்து, ஏழு வருடம் கழித்து நான்கு உயிர்களை எடுத்திருக்கிறது. எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

டயர் ஏன் வெடித்தது என்று கேட்பீர்கள். காற்று குறைவு. இந்த ரக டயரில் ஒரு நாளைக்குச் சுமார் 2 சதவீதம் காற்று இயல்பாகவே இறங்கும். அந்த விமானத்தில் ஏறக்குறைய மூன்று வாரமாக யாரும் காற்று பார்க்கவில்லை. குறைந்த காற்றோடு அந்த வேகத்தில் உருளும்போது டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளுக்குள்ளேயே பிரிந்துவிடும். வெளியே நின்று பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரியும், கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதில் இன்னொரு கொடுமை, டயரில் காற்று பார்ப்பதையே பராமரிப்பு வேலை என்று வகைப்படுத்தி, வாடகை ஜெட் விமானிகள் அதைச் செய்யக் கூடாது என்று எஃப்ஏஏ தன் விதிக்கு விளக்கம் சொல்லியிருந்தது. விமானிகளே காற்று பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2010 அறிக்கையில் என்டிஎஸ்பி கேட்டது. சிமுலேட்டர் பயிற்சியில் இன்ஜின் கோளாறு மட்டும் போதாது, டயர் வெடிப்பதையும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டது.