தூறல் போதாது, நடுவர் ஐயா

(சேலத்தில் ஓர் ஆடித் திருவிழா மேடை. தலைப்பு: ‘மனநிறைவுக்கு வழி, கிடைத்ததை ஏற்றுக்கொள்வதா? ஆண்டவன் தருவார் என்று காத்திருப்பதா?’ இது காத்திருக்கும் அணியின் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கும், அம்மனுக்கு ஊற்றிய கூழைக் குடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

எதிரணி அண்ணன், ‘கிடைக்கப்போகிற பலாக்காயைவிடக் கையில் இருக்கிற களாக்காய் மேல்’ என்றார். கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணே, நான் ஏற்காட்டுக்காரி. பலாவையும் களாவையும் பார்த்து வளர்ந்தவள். களாக்காயை ஊறுகாய் போடலாம், சரி. வெறும் ஊறுகாயை வைத்து இலை போட்டால் பந்தியில் உட்காருவீர்களா?

ஆண்டவன் பார்த்துக்கொள்வார் என்பது சோம்பேறிகளின் பேச்சு என்றும் சொன்னார். அவரை எங்கள் அப்பாவோடு ஒரு வருஷம் தோட்டத்தில் விட வேண்டும்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, இன்றைக்கும் எங்கள் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் சோறு போடுகிறது. செடி நட்டால் காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருஷம். அதுவரை களை எடுக்க வேண்டும், கவாத்து செய்ய வேண்டும், நிழல் மரத்தில் கிளை கழிக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்து, மார்ச் மாதம் அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். பூ மழைக்காக, அதாவது காப்பி மொட்டை விரிய வைக்கும் மழைக்காக. (ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் சிரிக்காதீர்கள், எங்களிடம் இல்லை.) நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால், பத்து நாளுக்குள் தோட்டமே மல்லிகைப் பந்தல் போட்ட மாதிரி வெளுத்துவிடும். வாசனை தெருவரைக்கும் வரும்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஐயா. மழையே வராவிட்டால் மொட்டு கொஞ்ச நாள் தாங்கிக்கொண்டு காத்திருக்கும். அரைகுறையாக ஒரு தூறல் போட்டு நின்றது என்று வையுங்கள், மொட்டு பாதி விரியும், அப்படியே கருகிவிடும். அப்பா வறட்சிக்குப் பயந்ததைவிடத் தூறலுக்குப் பயந்ததுதான் அதிகம்.

பழம் பறிப்பதிலும் அதே கதைதான். சிவந்த பழத்தை விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். தோலைச் சப்பினால் இனிக்கும். பச்சையை அழுத்தினால் நகம்தான் வலிக்கும். கிளையோடு உருவினால் கூடை சீக்கிரம் நிறைந்துவிடும். எடை போட்ட பிறகு விலை சொல்லும்போதுதான் முகம் மாறும். அதனால் ஒரே செடிக்கு மூன்று தடவை, நான்கு தடவை போய்ப் பறிப்போம்.

மாம்பழத்தைப் பற்றிச் சேலத்தில் நான் சொல்ல வேண்டியதில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கச் சட்டத்திலேயே தடை. ஏன்? தோல் மஞ்சள், உள்ளே புளிப்பு, உடம்புக்கும் கேடு. மல்கோவாவை வைக்கோலில் போட்டுவிட்டு, தினமும் மோந்து பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தவர்களுக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று.

இப்போது எங்கள் அக்கா. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், சொந்த வீடு. ஒரே ஒரு நிபந்தனை, டீச்சர் வேலையை விட்டுவிட வேண்டும். ‘வயசு ஏறுது, இதுக்கு மேல எவன் வருவான்’ என்று அத்தை சித்தி எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘எனக்குன்னு எழுதினவரு இதையும் எழுதித்தானே குடுத்தாரு’ என்று பள்ளிக்கூடப் பையைக் காட்டினாள். அவ்வளவுதான். அம்மா சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். அப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

‘சரி, அதற்கப்புறம் ராஜா மாதிரி மாப்பிள்ளை வந்தாரா?’ என்று எதிரணி கேட்கும். வரவில்லை. அக்காவுக்கு இப்போது முப்பத்தாறு. கேலி செய்ய நினைப்பவர்கள் செய்துகொள்ளுங்கள். ஆனால் நேற்று மாலையும் எங்கள் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், அக்கா அதட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் ஒரு குறையையும் நான் கேட்கவில்லை. காத்திருப்பவள் குரல்கூட இல்லை அது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. முடித்துக்கொள்கிறேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அக்கா. இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு உண்டா என்பதில் ஆண்டவன் திட்டம் என்னவோ, போய்த்தான் பார்க்க வேண்டும். வணக்கம்.