என்ரோல்மென்ட் முடிந்தது, இனி வேலையை யார் கற்றுக்கொடுப்பது?

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வக்கீலாகப் பதிவு செய்து, கறுப்பு கோட்டு போட்டு இரண்டு வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் ஒருவர் ஜூன் 28-ஆம் தேதி உங்களைத் தேடி வருகிறார். "தம்பி, ஒருத்தர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது, ஜூன் 3-ஆம் தேதி பாங்கில் மெமோ கொடுத்தார்கள், என்ன செய்யலாம்?" என்கிறார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவு உங்களுக்கு மனப்பாடம். சரி, எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது?

(திரையில்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நாட்காட்டி)

மெமோ வந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 30 நாள் ஜூலை 3-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் நோட்டீஸ் போயாக வேண்டும், அதில் செக் தொகையைத் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு அதை ஜூலை 5-ஆம் தேதி வாங்கினால், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது ஜூலை 20 வரை. 21-ஆம் தேதி வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது, அந்த நாளையும் விட்டுவிட்டு ஒரு மாதம், ஆக ஆகஸ்ட் 21-க்குள் புகார் மனு தாக்கலாக வேண்டும். அவசரப்பட்டு 15 நாள் முடிவதற்கு முன்பே தாக்கல் செய்தால் அந்தப் புகார் நிற்காது. தாக்கல் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லலாம், ஆனால் நோட்டீஸ் அனுப்பும் 30 நாளைத் தவறவிட்டால் அதை மன்னிக்க வழி இல்லை. அப்போது செக்கின் 3 மாத ஆயுள் முடியவில்லை என்றால் மறுபடி பாங்கில் போட்டு, புது மெமோ வாங்கி, புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். இந்தக் கடைசி விஷயம் தெரியாத வக்கீல் "காலம் போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்று அனுப்பிவிடுவார், அந்த மனிதரும் நம்பிப் போய்விடுவார். நஷ்டம் வக்கீலுக்கு இல்லை, அவருக்குத்தான். புது வக்கீலின் பயிற்சி பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் முன்னால் நிற்கிறது.

இதை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? டாக்டருக்குப் படித்தால் ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருடம் வார்டில் நிற்க வேண்டும். ஆடிட்டர் ஆக ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்க வேண்டும். வக்கீலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தில் பதிவு செய்யும் முன் பயிற்சியும் தேர்வும் உண்டு, 1973-இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. 1995-இல் வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் ஒரு வருடப் பயிற்சியை விதிகள் மூலம் திரும்பக் கொண்டுவந்தது. சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் எடுத்ததை விதி போட்டுக் கொண்டுவர பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. அதன் பிறகு 2011-இல் வந்ததுதான், சட்டப் படிப்பு முடித்தவர்கள் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு.

100 கேள்வி, எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, 2023-இல் அரசியல் சாசன அமர்வும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தேர்வு உங்களை ஒரு மனுகூட எழுதச் சொல்லாது, ஒரு சாட்சியை ஒரு கேள்விகூடக் கேட்கச் சொல்லாது. கல்லூரியில் மனு வரைதல், மாதிரி நீதிமன்றம் என்று செய்முறைத் தாள்கள் இருக்கின்றன, ஐந்து வருடப் படிப்பில் 20 வாரம், மூன்று வருடப் படிப்பில் 12 வாரம் இன்டர்ன்ஷிப்பும் விதியில் இருக்கிறது. அது ரெக்கார்டு நோட்டோடு முடிந்துபோகிறதா, உண்மையிலேயே நடக்கிறதா என்பதை உங்கள் வகுப்புத் தோழர்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே மிச்சம் இருப்பது சீனியர். நல்ல சீனியர் கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் இரண்டு வருடம் வாய்தா வாங்கியே ஓடிவிடும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பஸ் காசுக்கே வழியில்லாத ஜூனியர் தொழில் கற்பதற்கு முன்பே தொழிலை விட்டுப் போய்விடுவார். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தரும்படி சுற்றறிக்கை அனுப்ப பார் கவுன்சிலுக்குச் சொன்னது. சீனியரிடம் சேரும்போது இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

(திரையில்: ரிட்டர்ன் குறிப்புகளோடு ஒரு பிராது, அதாவது சிவில் வழக்கு மனு)

இப்போது, முதல் வருடத்தில் எங்கே கற்பது? நான் முதலில் சொல்வது ரிட்டர்னில், அதாவது கோர்ட் குறை காட்டித் திருப்பி அனுப்பும் மனுவில், கற்றுக்கொள்ளுங்கள் என்று. நான் தாக்கல் செய்த முதல் பிராது மூன்று முறை திரும்பி வந்தது. முதலில் சொத்து விவரத்தில் நான்கெல்லை சரியில்லை. அதைத் திருத்தினேன், அடுத்து கோர்ட் கட்டணம் எந்தப் பிரிவில் என்று கேட்டார்கள். வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை (ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கும் இன்ஜங்ஷன் உத்தரவு) கேட்கும் வழக்குக்குத் தமிழ்நாட்டுக் கட்டணச் சட்டத்தில் 27(சி) என்பதை அன்றைக்குத்தான் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது முறை கோர்ட் அலுவலகத் தலைமை எழுத்தரான சிரஸ்தாரிடமே போய், "சார், என்ன குறை என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்" என்று நின்றேன், பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வருடத்தில் யாரும் சொல்லாதது அது. ரிட்டர்ன் ஆகும் ஒவ்வொரு குறிப்பையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஆறு மாதத்தில் உங்கள் ஊர் கோர்ட்டுக்கான பாடப்புத்தகம் உங்கள் கையில் இருக்கும். குமாஸ்தாவிடமும் உட்காருங்கள், நகல் மனு போடுவதில் அவருக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது.

அப்புறம் தமிழ். இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. சட்டத்தை ஆங்கிலத்தில் படிக்கிறோம், ஆனால் கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) என்ன சொன்னார், அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) என்ன சொன்னார் என்பதெல்லாம் தமிழில்தான் இருக்கும். ஒரு வாரம் மதியம் ஏதாவது ஒரு விசாரணைக் கோர்ட்டில் பின்வரிசையில் உட்காருங்கள். குறுக்கு விசாரணையைக் கேட்டு எழுதுங்கள், வரி வரியாக. "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" மாதிரியான மறுப்பு எத்தனை, கேள்வி கேட்பவர் தரப்புக்கு உதவும் ஒப்புதல் எத்தனை என்று இரவு எண்ணிப் பாருங்கள். முப்பது கேள்வியில் மூன்று ஒப்புதல் வாங்கியவர், எந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரிசையில் கேட்டு அதை வாங்கினார் என்று பாருங்கள். குறுக்கு விசாரணையை இதைவிட நன்றாகக் கற்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

(திரையில்: பழைய பிரிவு, புதிய பிரிவு)

பத்து வருடம் ஆனவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்தன, அன்று காலையில் நாம் எல்லோருமே ஜூனியர் ஆனோம். கொலைக்கான 302 என்பது 103 ஆனது, முன்ஜாமீன் 438-இலிருந்து 482-க்குப் போனது, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் பற்றிய பழைய 482 இப்போது 528. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டம்தான், ஆகவே இரண்டையும் தலையில் வைத்திருக்க வேண்டும். எண் மாறியது பரவாயில்லை, பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே மாறியதுதான் ஆபத்து. மின்னணு ஆவணத்துக்குத் தரும் பழைய 65பி சான்றிதழ் நினைவிருக்கிறதா? புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-ஆவது பிரிவு, சான்றிதழுக்கு இரண்டு பகுதி, ஒன்றை ஆவணம் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் தர வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்புக்குக் கைரேகை மாதிரியான குறியீட்டையும், எழுத வேண்டும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்து, பழைய படிவத்திலேயே கையெழுத்து வாங்கிக் கேஸ் கட்டில் சேர்த்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வக்கீல் ஒவ்வொரு வருடமும் 12 மணி நேரம் தொடர்கல்வி முடித்தாக வேண்டும். நமக்கு அப்படி மணிக்கணக்குக் கட்டாயம் இல்லை. வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், அதுவும் சென்னை ஹோட்டல் அரங்கில் மாலை போட்டு நடக்கும் கருத்தரங்காக இல்லாமல், தாலுகா கோர்ட் வளாகத்தில் சனிக்கிழமை காலை ஒரு கேஸ் கட்டைப் பிரித்துவைத்து நடக்கும் வகுப்பாக.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் சங்கத்தில் ஐந்து ஜூனியர்கள் சேருங்கள், சாட்சி விசாரணையில் நல்ல பெயர் எடுத்த ஒரு சீனியரிடம் போய், "அண்ணா, மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் கொடுங்கள், முடிந்த கேஸ் கட்டு ஒன்று கொண்டுவாருங்கள்" என்று கேளுங்கள். முதல் சனிக்கிழமைக்கு ஒரு செக் கேஸ் கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், மெமோவிலிருந்து ஆரம்பித்து தேதிகளை எண்ணிக்கொண்டே போங்கள்.