750 மில்லி: ஏற்காடு ஏற்றமும் இந்த வார இறுதியும்

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? மொட்டை மாடியில் இருக்கிறேன், காற்று அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே உட்கார்ந்து பேசினால் அம்மா முழித்துக்கொள்வார்.

ஞாயிறு ராத்திரி, மணி ஒன்பதரை. எனக்குப் பின்னால் இருட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் மேலே ஏறுகிறதே, அதுதான் ஏற்காடு மலைப்பாதை. கேமராவில் ஒரு மண்ணும் தெரியாது, இருந்தாலும் காட்டுகிறேன். காலையில் அதில் ஏறிய சைக்கிள் இதோ கவிழ்ந்து கிடக்கிறது. செயினைத் துடைத்துக்கொண்டே பேசுகிறேன். நாளைக்கு நேரம் இருக்காது.

நான்கு மாதமாக ஏன் வீடியோ போடவில்லை என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பிப்ரவரியிலிருந்து டயாலிசிஸ். இதை இங்கே சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லு கண்ணு, நான் என்ன திருடிட்டா வந்துட்டேன்?" என்றார். அதனால் சொல்கிறேன்.

திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உடம்பில் சேர்ந்த கழிவையும் தண்ணீரையும் மெஷின் எடுக்கும். வெள்ளிக்கிழமை முடிந்தால் அடுத்தது திங்கள்தான், நடுவில் இரண்டு முழு நாள். அந்த இரண்டு நாளில்தான் தண்ணீர் அதிகம் சேரும். கால் வீங்கும், சில பேருக்கு மூச்சு வாங்கும். ஊரில் எல்லோருக்கும் சனி ஞாயிறு லீவு. எங்கள் வீட்டில் சனி ஞாயிறு என்றால்தான் பயம். சைக்கிள் ரேஸ் எல்லாம் எந்தக் கிழமையில் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மாவுக்கு டாக்டர் சொல்லியிருக்கும் அளவு ஒரு நாளைக்கு 750 மில்லி. காபி, மோர், ரசம், மாத்திரை போடும் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். எப்படி அளப்பது என்று முதல் வாரம் திண்டாடினோம். அப்புறம் என் பழைய சைக்கிள் பாட்டில் ஒன்று பரணில் கிடந்தது, சரியாக 750 மில்லி. தினமும் காலையில் அதை நிரப்பி அடுப்படி மேடையில் வைத்துவிடுவோம். காபி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்து வெளியே ஊற்ற வேண்டும். ரசத்துக்கும் அப்படித்தான். மிச்சம் இருப்பதுதான் குடிக்க. ராத்திரித் தாகத்துக்கு அதிலேயே கொஞ்சம் எடுத்து ஐஸ் டிரேயில் ஊற்றி வைப்பார். கட்டியாக வாயில் போட்டால் ரொம்ப நேரம் கரையும் என்பார்.

எடை மெஷினும் வீட்டில் ஒன்றுதான். மலை ஏற்றத்துக்காக ஒரு கிலோ குறைத்தாலும் லாபம் என்று நான் வாங்கியது. இப்போது உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க அதில் முதலில் அம்மா ஏறுவார், அப்புறம் நான். காலண்டரில் அவருக்கு நீல மை, எனக்குக் கறுப்பு.

பயிற்சியா? அந்த நான்கு மணி நேரம்தான். முதல் மாதம் வெளியே ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அம்மாவே, "இங்க உக்காந்து நீ என்ன பண்ணப்போற, போய் மிதி" என்று விரட்டிவிட்டார். கூப்பிட்டால் உடனே வர வேண்டுமே, அதனால் அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், திரும்ப. அதே ரோடு, அதே வேகத்தடை. இரண்டு தடவை போன் வந்தது. இரண்டு தடவையும் கெண்டைக்கால் பிடிப்பு. தண்ணீரை வேகமாக எடுத்தால் அப்படிப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் ஜெர்சியோடு உள்ளே போய், பாதத்தை மேல் பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது எனக்குத் தெரிந்த வேலைதானே. என் காலுக்கு எத்தனை தடவை செய்திருக்கிறேன்!

சரி, ரேஸுக்கு வருகிறேன். சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் நடக்கும் இந்த ரேஸுக்கு ஜனவரியிலேயே பணம் கட்டிவிட்டேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அக்கா ஆத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துவிட்டார். "காசு கட்டிட்டேல்ல, போடா" என்றார். எங்கள் வீட்டில் காசு கட்டியதற்கு அப்புறம் பேச்சே கிடையாது.

சனிக்கிழமை டைம் ட்ரையல். ஓமலூர் பக்கம் சமதள ரோடு, 20 கிலோமீட்டர், ஒரு நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராக விடுவார்கள். 35 நிமிஷம் 40 வினாடி. 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் பன்னிரண்டாவது. திரும்பும்போது எதிர்க்காற்று, கழுத்து வலி, வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

இன்றைக்குத்தான் கதை.

காலை நாலரைக்கு எழுந்தேன். ரேஸுக்கு முன்னால் வாழைப்பழம் சாப்பிட வேண்டும். ஆனால் அம்மாவுக்கு வாழைப்பழம், இளநீர், மாம்பழம் எதுவும் கூடாது. அதிலெல்லாம் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. காய்கறியைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்கிறோம். ஜூன் மாதத்தில் சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழம் இல்லாமல் ஒருவர் இருப்பது என்றால் பாருங்கள். தெருவே மல்கோவா மணக்கிறது. அதனால் வாசலுக்கு வெளியே, லைட்டைப் போடாமல், திருடன் மாதிரி இரண்டு பழத்தை விழுங்கினேன். தோலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆறு மணிக்கு அடிவாரத்தில் விட்டார்கள். அங்கிருந்து ஏற்காடு ஏரி வரை கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், ஆயிரம் மீட்டர் ஏற்றம், 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் 70 வளைவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை என்று நாமக்கல்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். ஏற்காட்டுப் பாதை ஒரேயடியாகச் செங்குத்தாக இருக்காது, ஐந்து ஆறு சதவீதம்தான். ஆனால் விடாது. காலுக்கு ஓய்வே கொடுக்காது. முன்னால் 34 பல், பின்னால் 32 பல், அதுதான் என்னிடம் இருக்கும் கடைசி கியர், இதைவிட லேசாக மிதிக்க வழியில்லை. வளைவில் உள்பக்கம் போனால் தூரம் குறைவு, ஆனால் தூக்கி அடிக்கும். வெளிப்பக்கம் சுற்றினால் மூச்சு கிடைக்கும், எதிரே பஸ் வந்தால் அதுவும் போகும். நான் பஸ் சத்தம் கேட்காத வளைவில் வெளிப்பக்கம், கேட்ட வளைவில் இடது ஓரம்.

முதல் ஏழெட்டு வளைவு நன்றாகத்தான் போனது. கீழே சேலம் புகைமூட்டத்தில் கிடந்தது. மேலே போகப் போகக் குளிர் தட்டியது. அதற்குப் பிறகு முதுகுப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

அக்காவிடம் சொல்லியிருந்தேன், ஏதாவது என்றால் மட்டும் கூப்பிடு என்று. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவையும். இதயத்துடிப்பு 174 காட்டியது, அது ஏற்றத்தால் மட்டும் இல்லை. ஓரமாக நிறுத்தி, ஷூவைப் பெடலோடு பிடித்திருக்கும் கிளீட்டைக் கழற்றி, வியர்வைக் கையால் அந்தத் திரையை நான்கு தடவை தேய்த்துத் திறந்தால்...

"சார், உங்களுக்கு பெர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு! நான் திட்டவில்லை மக்களே. "ரொம்ப நன்றிம்மா" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் வந்தது வாயில். அந்தப் பெண்ணே ஒரு நொடி பேசாமல் இருந்தது. அதற்குள் மூன்று பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அப்புறம் கொஞ்ச தூரத்தில், வளைவில் ஒரு பையன் பக்கெட்டும் மக்குமாக நின்றான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தலையில் ஊற்றிவிட்டான். ஒரு மக்கு, இன்னொரு மக்கு. ஹெல்மெட் துவாரம் வழியாகக் கழுத்துக்கு இறங்கி, ஜெர்சிக்குள் போய், தார் ரோட்டில் சொட்டிக்கொண்டே வந்தது. சுகமாகத்தான் இருந்தது. மக்கில் முக்கால் லிட்டர் இருக்குமா, இரண்டு மக்குக்கு இரண்டு நாள் ஆயிற்றே என்று கணக்குப் போட்டுக்கொண்டே மிதித்தேன். எத்தனையாவது வளைவு என்று எண்ணுவதை அங்கே விட்டுவிட்டேன். சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் வந்தபோதுதான் காபித் தோட்டப் பக்கம் வந்துவிட்டோம் என்று தெரிந்தது.

ஒரு மணி 26 நிமிஷம். பதினான்காவது. போன் வராமல் இருந்திருந்தால் பதினொன்று. சரி, பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் இளநீர் கொடுத்தார்கள். குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அம்மா மெடலை வாங்கிப் பார்த்தார். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது என்று சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் எடை பார்த்தோம், வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றரைக் கிலோ ஏற்றம். பரவாயில்லை, மூச்சு சரியாக இருக்கிறது. நான் ஏறினேன், ஒரு கிலோ குறைவு.

"எத்தனை பாட்டில் குடிச்ச?" என்றார்.

"மூணு. தலையில வேற ஊத்துனாங்க."

"தலையிலயா? குடிக்கிற தண்ணியவா?" என்று அந்தப் பையனைத் திட்ட ஆரம்பித்தவர், சாப்பிடும்வரை நிறுத்தவில்லை.

செயினில் இந்த லிங்க் ஒன்று இறுகிக் கிடக்கிறது, மண்ணெண்ணெய் போட்டும் அசையவில்லை. நாளைக்கு ஐந்தரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், சைக்கிளையும் ஆட்டோவில் ஏற்ற வேண்டும். கொஞ்சம் இருங்கள், கீழே அடுப்படி லைட் எரிகிறது. பிரிட்ஜ் கதவுச் சத்தம். ஐஸ் டிரே கையில் ஒட்டிக்கொண்டால் அவரால் கழற்ற முடியாது. நான் போகிறேன் மக்களே.