8 ஆம்பியர்-மணிக்குள் எத்தனை விளக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

தார்ச்சாலையிலும் ஓடி, மண்பாதையிலும் இறங்கும் பைக்குகள் நம் ஊரில் பெருகிவிட்டன. பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. 2016-இல் வந்து, 2023 கடைசியில் 450-க்கு இடம் விட்ட வண்டி. செகண்ட் ஹேண்டில் இன்றும் நன்றாகக் கைமாறுகிறது. வாங்கியவர் முதல் வாரமே இரண்டு ஃபாக் லைட், ஒரு மொபைல் சார்ஜர், ஊரைக் கூட்டும் ஹாரன் என்று மாட்டிவிடுவார். மூன்றாம் மாதம் ஒரு காலையில் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வரும். பழி பேட்டரி மேல் விழும். பேட்டரி பாவம், பல நேரம் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

அந்த வண்டியில் உள்ளது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி; அதாவது ஒரு ஆம்பியர் வீதம் சுமார் எட்டு மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு. அது தொட்டி, ஊற்று இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர்தான். வண்டி ஓடும்போது விளக்கு, இன்ஜெக்‌ஷன், பெட்ரோல் பம்ப், ஏ.பி.எஸ். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர். அதன் அளவு தொழிற்சாலையிலேயே முடிந்துபோன விஷயம். ‘பெரிய பேட்டரி போட்டுவிடுங்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. தொட்டியைப் பெரிதாக்கினால் ஊற்று பெருகாது.

ஆகவே எதையும் வாங்குமுன் வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடாமல் பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12-க்குக் கீழே என்றால் தொட்டி கிட்டத்தட்டக் காலி. இன்ஜினை ஓடவிட்டு, ஆர்.பி.எம். 3,000-க்கு மேல் பிடித்து அளந்தால் 13.8-இலிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது; அதைச் சரிசெய்யும்வரை வேறெதையும் மாட்டக் கூடாது.

புது விளக்கைப் பொருத்திய பிறகு இதே சோதனையை எல்லாவற்றையும் எரியவிட்டு, ஆக்சிலரேட்டரைத் திருகாமல் ஐடிலிங்கில் செய்யுங்கள். 13-க்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரியிலிருந்து எடுத்துத் தின்கிறோம் என்று பொருள். நெடுஞ்சாலையில் அது ஈடுகட்டப்படும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், இரவில், முதல் இரண்டு கியரிலேயே ஏறும்போது ஈடுகட்டப்படாது.

கணக்கு எளிது. வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். இருபது வாட் விளக்கு இரண்டு என்றால் 40 வாட், 3.3 ஆம்பியர். பதினெட்டு வாட் வேக சார்ஜர் ஒன்றரை ஆம்பியர். ஏற்கெனவே உள்ள எச்4 வகை ஹாலஜன் ஹெட்லைட் ஹை பீமில் 60, லோ பீமில் 55 வாட். அதுவே நாலரை முதல் 5 ஆம்பியர். மலிவு விளக்குகளில் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள். வயரைப் பிரித்து நடுவே மீட்டரை வைத்து ஆம்பியரை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

இனி வயர். ஃபாக் லைட்டுக்குப் போகும் கரண்ட் ஹேண்டில்பார் சுவிட்ச் வழியாகப் போகக் கூடாது. நடுவில் ரிலே வேண்டும்; சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. நான்கு கால் ரிலேயில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-இலிருந்து விளக்குக்கு, விளக்கின் இன்னொரு வயர் நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஏதாவதொரு வயரிலிருந்து, உதாரணமாக டெயில் லைட் வயரிலிருந்து, சுவிட்ச் வழியாக. 85 எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த ஃபிரேம். ரிலேயின் உள்சுருள் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு. அதனால் டெயில் லைட் ஃபியூஸுக்குச் சுமை தெரியாது, சாவியை எடுத்தால் விளக்கும் தானாக அணையும். ரிலேயை கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். மேல்நோக்கி வைத்தால் மழைத் தண்ணீர் சாக்கெட்டில் தேங்கி, பச்சை பூத்துவிடும்.

ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உறை தேய்ந்து ஃபிரேமில் பட்டால் தீயைத் தடுக்க எதுவுமில்லை. 3.3 ஆம்பியர் சுமைக்கு 5 அல்லது ஏழரை ஆம்பியர் ஃபியூஸ் போதும். அடிக்கடி போகிறதென்று 20 போடுவது, காய்ச்சல் தெரியக் கூடாதென்று தெர்மாமீட்டரை உடைப்பது போல.

தடிமன் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்கு சுமார் 12 மில்லி ஓம் தடை. அரை சதுர மில்லிமீட்டர் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. 10 ஆம்பியர் இழுக்கும் இரட்டை ஹாரனுக்குப் போக வர 3 மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்வோம். தடித்த வயரில் இழப்பு 0.36 வோல்ட். மெல்லியதில் ஒரு வோல்ட்டுக்கு மேல். ஹாரன் மூக்கடைத்த குரலில் கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கடையில் கிடைக்கும் சில ஹார்னஸ்களில் (தயாராகக் கட்டிய வயர் தொகுப்புகளில்) பிளாஸ்டிக் உறைதான் தடிமன். உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம். நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹாரனுக்கு ஒரு சுலப வழி உண்டு. பழைய ஹாரனில் செருகியிருந்த இரண்டு வயரையும் கழற்றி அப்படியே ரிலேயின் 85, 86-இல் செருகிவிடலாம். சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவை வெட்டும், சிலவற்றில் எர்த்தை வெட்டும். இப்படிச் செய்தால் எதுவாக இருந்தாலும் வேலை செய்யும். உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) வைத்த ரிலே என்றால் மட்டும் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக் கூடாது.

வயரை வயரோடு முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊர்ப் பழக்கம். வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், ஆறு மாதத்தில் அவிழும். ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் பைக்கில் முழுத் தீர்வு இல்லை: ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தைக் கம்பி போல விறைப்பாக்கும், அதிர்வில் விறைப்பு முடியும் இடத்திலேயே வயர் ஒடியும். வயர் நுனியில் மாட்டும் சரியான அளவு உலோக லக், அதை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் பிளையர், மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். இந்த மூன்றும் போதும். கம்பெனி வயரைக் கத்தியால் கீறி ஒட்டுப்போடும் நீலநிற கிளிப்புகளைத் தொடவே வேண்டாம். அந்தக் கீறல் வழியாக ஈரம் ஏறும்.

வயர் போகும் பாதையும் முக்கியம். ஹிமாலயன் 411-இல் ஹெட்லைட் ஃபிரேமில் நிற்கிறது, ஹேண்டிலோடு திரும்பாது. பக்கவாட்டுக் கம்பியில் ஃபாக் லைட் மாட்டினால் அந்த வயருக்கும் அசைவில்லை. ஆனால் சுவிட்ச் வயர் ஹேண்டிலோடு ஆயிரக்கணக்கான தடவை திரும்பும். அதை ஸ்டீரிங் கழுத்தருகே இறுக்கிக் கட்டாமல், முழு இடமும் முழு வலமும் திருப்பிப் பார்த்து, தளர்வு விட்டுக் கட்டுங்கள். கனெக்டருக்குள் நுழையுமுன் வயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும். ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

காலையில் ‘டக் டக்’ கேட்பதன் உண்மையான காரணத்துக்கு வருவோம். வோல்ட் காட்டும் எல்.இ.டி. எண்ணோடு வரும் சார்ஜரை நேராக பேட்டரியில் இணைத்திருப்பார்கள். அது எதையும் சார்ஜ் செய்யாதபோதே 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், 8 ஆம்பியர்-மணி பேட்டரி 400 மணி நேரத்தில், அதாவது பதினேழு நாளுக்குள், முழுக்க வறண்டுவிடும். ஸ்டார்ட் ஆகாமல் போக அதில் பாதி போதும். லடாக் போன்ற குளிரில் இன்னும் சீக்கிரம். சந்தேகம் இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். சில மில்லி ஆம்பியர் இயல்பு. அந்த நிலையில் மறந்தும் ஸ்டார்ட்டரை அழுத்தக் கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சார்ஜரையும் ரிலே வழியாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டினால் படபடவென்று வேகமாக மின்னும். சுமை குறைந்ததை, பல்ப் ஃபியூஸ் போனதாக, இண்டிகேட்டரை மின்னவைக்கும் ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கான ஃபிளாஷர் வாங்கி மாற்றுங்கள். ரெசிஸ்டர் வைப்பவர்கள் மிச்சப்படுத்திய வாட்டை வெப்பமாக எரிக்கிறார்கள். வண்டியின் ஸ்பீடோமீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே சிக்னல் பல்ப் இருந்து, நான்கும் சேர்ந்து மின்னினால், 1என்4007 டயோடு இரண்டு வைத்து, அந்தப் பல்பின் மறுமுனையை எர்த் செய்தால் சரியாகும்.

ஹாலஜனுக்காக வடித்த ஹெட்லைட் கண்ணாடிக்குள் எல்.இ.டி. பல்ப் செருகுவதை நான் ஆதரிக்கவில்லை. ஒளி சிதறும், எதிரே வருபவர் கண் கூசும். நூறு வாட் ஹாலஜனோ ஹோல்டரையே உருக்கிவிடும்.

விளக்கின் கோணத்துக்கு, வழக்கமான சுமையோடு வண்டியில் ஆள் உட்கார்ந்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

சட்டமும் கையை நீட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பல குரல் ஹாரனை வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, முடிந்ததும் கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவைத் தொடும் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் பொறி வராது. ஹேண்ட் கார்டு போட்டால் கிளட்ச் லீவர் முழுக்க இழுபடுகிறதா, ஹேண்டிலை உயர்த்தினால் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று முழுத் திருப்பத்தில் பாருங்கள். பிராக்கெட்டின் எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 25, போல்ட் தளராமல் பிடிக்கும் நடுத்தர திரெட் லாக் பசை ஒரு சொட்டு. முதல் 500 கிலோமீட்டரில் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள். புதுப் பெயின்ட் நசுங்கி, ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும்.

வணக்கம்.